தரைத் திருத்தக் குழு

வளவன் காலையில் எழுந்து பல் தேய்ப்பான். குழாயில் தண்ணீர் வந்தால் குடம் பிடிப்பான். வராவிட்டால் குடத்தை உள்ளே எடுத்து வைப்பான். காபி போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். பிறகு கதவைத் திறந்து, வாசலில் நிற்கிறவர்களை மேற்கே அனுப்பிவைப்பான்.

வாசலில் தினமும் யாராவது நிற்பார்கள். கையில் கம்ப்யூட்டரில் அச்சடித்த வழிப்படத் தாள் இருக்கும். ஒருநாள் ஜிப்பா போட்ட ஜெர்மன்காரர். ஒருநாள் சிலிண்டர் கொண்டுவந்தவர். எல்லாரும் தேடுவது கிரிவலப் பாதையில் பதினோராம் எண், பதினாலாம் எண், பதினேழாம் எண். வளவனின் வீட்டு வாசல்நிலையில் நகராட்சி அடித்த தகட்டில் 332 என்று இருக்கும். வந்தவர்கள் தகட்டைப் பார்ப்பார்கள், தாளைப் பார்ப்பார்கள், பிறகு வளவனைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். தாளை யாரும் சந்தேகித்ததில்லை.

"பதினாலு இங்க இல்லீங்க. அடி அண்ணாமலை தாண்டிப் போகணும். நேரா போங்க."

"படத்துல இங்கதான காட்டுது?"

"படத்துல காட்டும்ங்க."

ஒருமுறை பூத்தட்டோடு ஒரு குடும்பமே வேனில் வந்து இறங்கியது. பெண் பார்க்க வந்தவர்கள். அதில் மூத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "பொண்ணு உள்ள இருக்குதா தம்பி?" என்று கேட்டார்.

"இந்த வீட்ல பொம்பளைங்களே இல்லீங்க" என்றான் வளவன்.

அவர்களையும் மேற்கே அனுப்பினான். அதன் பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிப்பான். அங்கே மல்லாட்டை என்னும் நிலக்கடலை மண்டி ஒன்றில் அவனுக்குக் கணக்கு எழுதும் வேலை. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். அந்தப் படிப்பால் மண்டிக்கும் மல்லாட்டைக்கும் எந்தத் தொந்தரவும் ஏற்படவில்லை.

இந்த வழிப்போக்கர்களை அவன் வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தெருவிழி என்னும் திட்டம். ஊரின் தெருக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, எண்ணைத் தட்டினால் வீட்டைக் காட்டும் ஏற்பாடு. வேங்கிக்காலில் கண்ணாடி வைத்த கட்டடம், குளிர்சாதனம், வாசலில் விநாயகர், அவசர வண்டி ஒன்று. உடம்புக்கு முடியாதவர்கள் போன் செய்தால், படம் வழி காட்ட, வண்டி பறந்து வரும்.

சித்திரைப் பௌர்ணமியன்று வளவனின் மனைவி தென்றலுக்கு மூச்சிளைப்பு வந்தது. வளவன் மண்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பாதை முழுக்க ஜனம். ஆட்டோ கிடையாது, தள்ளுவண்டிகூட நகராது. தென்றல் தெருவிழிக்கு போன் செய்தாள். வண்டி வந்தது. சைரன் அடித்துக்கொண்டு, ஜனம் ஒதுங்கி வழிவிட, அவள் வாசலைக் கடந்து மேற்கே போயிற்று. நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு மாட்டுக் கொட்டகையின் முன்னால் நின்றது. பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு, ஊருக்குள் நுழைந்து, மறுபடியும் பாதைக்கு வந்து, அவள் வாசலில் நின்றது. அப்போது அவளுக்கு வண்டி தேவைப்படவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் தெருவிழியிலிருந்து வழவழப்பான அட்டை ஒன்று வந்தது. அதாவது, கொட்டகைக்குப் போய், கொட்டகைக்காரர் கொடுத்தனுப்பி வந்தது. எங்கள் சேவை எப்படி, மிக நன்று, நன்று, பரவாயில்லை, கட்டத்தில் டிக் செய்யவும் என்றிருந்தது. மேலே சம்பவச் சுருக்கம்: அழைத்தவர் தவறான முகவரி சொன்னார். வண்டி பதினோரு நிமிடத்தில் இடத்தை அடைந்தது. நோயாளி இடத்தில் இல்லை.

வளவன் அதைப் பலமுறை படித்தான். தென்றல் பிறந்ததே அந்த வீட்டில்தான். அவள் அப்பா கட்டிய வீடு. கல்யாணமாகி அங்கே குடிவந்தவன் வளவன். முகவரி தெரியாமல் தடுமாற வேண்டியவன் அவன், அவள் இல்லை. அந்த முதல் வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. மற்ற இரண்டையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நஷ்டஈடு வேண்டாம், யாரையும் வேலையைவிட்டு நீக்கவும் வேண்டாம். ஒரு வாக்கியம். மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு வேங்கிக்காலுக்குப் போனான்.

வரவேற்பில் இருந்தவர் அவன் எண்ணைத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கொட்டாய்லயா சார் குடியிருக்கீங்க?"

"இல்லீங்க. வீட்லதான்."

"இங்க கொட்டாய்னுதான் வருது. எப்ப மாறினீங்க?"

"நாங்க மாறலீங்க."

"மாறினா மூணு மாசத்துக்குள்ள சொல்லணும் சார்" என்று கடிந்துகொண்டு, அவனை சுரேஷ்குமாரிடம் அனுப்பினார். சுரேஷ்குமார் படப்பிரிவின் பொறுப்பாளர். நெற்றியில் பட்டையும் கழுத்தில் அடையாள அட்டையும் உள்ள இளைஞர். மரியாதையானவர். காபி வரவழைத்தார்.

"சர்வே எப்படிப் பண்ணோம்னு தெரிஞ்சா நீங்களே சந்தோஷப்படுவீங்க சார். நல்ல நாளாப் பார்த்து, பௌர்ணமியன்னிக்கு, ராஜகோபுரத்துல தேங்கா உடைச்சு ஆரம்பிச்சோம். கருவிக்கு மாலை போட்டோம். டீம் மொத்தமும் வெறுங்கால்ல நடந்துச்சு. எட்டு லிங்கத்துலயும் கருவிய நிறுத்தி தீபாராதனை காட்டினோம்."

"நம்பர் எப்படிப் போட்டீங்க?"

"அது ஈஸி சார். ரோட்டோட மொத முனைக்கு ஒண்ணு, கடைசி முனைக்கு கடைசி நம்பர். நடுவுல இருக்கறத கம்ப்யூட்டரே பங்கு போட்டுக்கும்."

"நகராட்சி நம்பர் அந்த முனையிலருந்துதானே ஆரம்பிக்குது? அங்க ஒண்ணு. எங்க பக்கம்தான் கடைசி."

சுரேஷ்குமார் காபியைக் கீழே வைத்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது, வளவனுக்காக.

"அப்படின்னா அந்த முனையிலருந்து இந்த முனைக்கு நடக்கணும் சார்."

"ஆமாங்க."

"எதிர்சுத்து சார்."

"ஆமாங்க."

"மலைய எதிர்சுத்து சுத்தச் சொல்றீங்களா? எங்க வீட்ல கொழந்த குட்டி இருக்குது சார்."

நடக்காமலே கம்ப்யூட்டரில் எண்களை மாற்றிப் போடலாமே என்று வளவன் கேட்டான். மாற்றிப் போட்டால் கருவி எதிர்சுற்றில் போனதாகத்தான் பதிவாகும், அது நடந்ததைவிட மோசம் என்றார் சுரேஷ்குமார். செய்யாத பாவம் எழுத்தில் நிற்கும். வண்டி ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. தெருவிழி வாகனங்கள் கிரிவலப் பாதையில் எக்காரணம் கொண்டும் எதிர்சுற்றில் செல்லக்கூடாது என்று இயக்குநரே உத்தரவு போட்டிருந்தார். "டிரைவர் சகாதேவன் தங்கமான ஆளு சார். எவ்ளோ அவசரமா இருந்தாலும் உத்தரவ மீற மாட்டாரு."

வாக்கியத்தை எடுப்பது இயக்குநரின் அதிகாரம். இயக்குநர் சக்கரவர்த்தி அவனை உட்காரச் சொல்லி, நின்றுகொண்டு பேசினார். உட்கார்ந்து பேசும் பழக்கம் அவருக்கில்லை. எங்கே பேசினாலும் அது மேடைதான்.

"நம்ம படத்தோட துல்லியம் தொண்ணூத்தெட்டு சதவீதம். மிச்சம் ரெண்டு என்ன தெரியுமா? பப்ளிக். நான் குத்தம் சொல்லல. அந்தக் காலத்துல நம்பர் போட்டானே, அவனச் சொல்றேன். ஆன்மிக நகரத்துல எதிர்சுத்துல நம்பர் போட்டிருக்கான். அவன் நாஸ்திகனா இருக்கணும், இல்ல வெள்ளக்காரனா இருக்கணும். அவன் பண்ண தப்ப நாங்க திருத்திக்கிட்டிருக்கோம். நீங்க வந்து திருத்தத்தத் திருத்தச் சொல்றீங்க."

"அந்த ஒரு வரிய எடுத்தாப் போதுங்க. அவ முகவரி சரியாத்தான் சொல்லியிருப்பா."

"சரின்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"வீடு அங்கதான இருக்குது."

சக்கரவர்த்தி சிரித்தார். குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிப்பதைப்போல. "வீடு எங்க இருக்குதுன்றது வீட்டுக்காரர் அபிப்பிராயம் தம்பி. படத்துக்கு சர்ட்டிபிகேட் இருக்குது. உங்க வீட்டுக்கு இருக்குதா?"

ஆனாலும் அவர் கல்நெஞ்சர் அல்ல. ஒரு வழி சொன்னார். 332 என்று படம் காட்டுகிற இடத்தின் சொந்தக்காரர், இன்னார் இங்கே குடியிருக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால், பரிசீலிக்கலாம்.

வளவன் கொட்டகைக்குப் போனான். சொந்தக்காரர் கண்ணாயிரம் ஒரு எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உன் சம்சாரம் என் கொட்டாய்ல இல்லன்னு நான் எழுதித் தரணும்?"

"ஆமாங்க."

"ஊர்ல எத்தினியோ பேரு என் கொட்டாய்ல இல்லப்பா. எல்லாருக்கும் எழுதித் தரணும்னா நான் பால் கறக்கறது எப்போ?"

"எனக்கு மட்டும் தந்தாப் போதுங்க."

"தர்றேன், தர்றேன். நீ ஒருத்தன்தான் நேர்ல வந்து கேட்ட." கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் படம் வந்ததுலருந்து நிம்மதியே இல்லப்பா. ஜாஸ்தி தொந்தரவு. உனக்கு வர்ற கல்யாணப் பத்திரிகை, உன் பக்கத்து வீட்டு பேங்க் லெட்டரு, அல்லாம் இங்கதான் வருது. எருமைக்கு டெலிபோன் வேணுமான்னு ஒருத்தன் கேட்டுட்டுப் போறான். அன்னிக்கு ராத்திரி அந்த வண்டி வந்து நின்னுது பாரு, நான்தான் சொன்னேன். யோவ், இது கொட்டாய்யா, வந்த வழியே போய்யான்னு. அவன் கன்னத்துல போட்டுக்கினான். என்னப் பாத்து இல்ல. மலையப் பாத்து."

அவர் சொல்ல, வளவன் எழுத, கீழே கையெழுத்துப் போட்டார்.

தெருவிழியில் அந்தத் தாளைப் பார்த்துப் பாராட்டினார்கள். இப்படி ஆதாரத்தோடு வருகிறவர்கள் கம்மி என்றார்கள். ஒருவர் குடியிருக்க வேண்டிய இடத்தில் குடியிருக்கவில்லை என்பது இப்போது சந்தேகமறத் தெரிந்துவிட்டதால், விஷயம் தரைத் திருத்தக் குழுவுக்குப் போயிற்று.

படத்தில் ஓர் இடமும் தரையில் வேறோர் இடமும் இருந்தால் தரையைச் சரிசெய்வது இந்தக் குழுவின் வேலை. ஏற்கெனவே நிறைய செய்திருந்தது. படத்தில் இல்லாத ஒரு சந்தினை முள்வேலி போட்டு மூடியது. படத்தில் தபால்பெட்டி காட்டிய இடத்தில் தரையிலும் ஒன்றை நட்டது. அதில் போட்ட கடிதங்களை எடுக்க யாருக்கும் உத்தரவில்லாததால் அவை அங்கேயே பத்திரமாக இருந்தன.

குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை வளவன் வீட்டுக்கு வந்தது. நாலு பேர், ஒரு டேப், ஒரு குடை. வீட்டைச் சுற்றி வந்தார்கள், வலமாக. சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். தலைமையாக வந்தவர் சந்திரகலா என்ற அம்மையார், ஓய்வுபெற்ற பொறியாளர்.

"உங்க வீடு நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்குதுங்க" என்றார்.

"எதுலருந்து?"

"இருக்க வேண்டிய இடத்துலருந்து."

பக்கத்து வீட்டு ராணியம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். "ஏம்மா, அப்படின்னா என் வூடு?"

"உங்களுதும்தான்."

"நல்லதாப் போச்சு. அங்க தண்ணி வருதா?"

சந்திரகலா டேப்பைச் சுருட்டினார். குழுவின் பரிந்துரை எளிமையானது. வீட்டைப் பெயர்த்து நகர்த்துவது செலவு. குழு அதை வற்புறுத்தவில்லை. 332 என்ற தகட்டைக் கழற்றிக் கொட்டகையில் அடித்துவிட்டு, வளவன் வீட்டுக்குப் பதினாலு என்று புதுத் தகடு கொடுத்துவிடலாம். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின்சார இணைப்பு எல்லாவற்றையும் அவனே மாற்றிக்கொள்ள வேண்டும்.

"மாத்திக்கிறேங்க. அந்த வரிய எடுத்துடுவீங்களா?"

"எந்த வரி?"

சொன்னான். சந்திரகலா குடையை மடக்கிக்கொண்டு யோசித்தார். "பாருங்க, வீட்டுக்குப் பதினாலுனு ஆயிடுச்சுன்னா, அன்னிக்கு அவங்க முந்நூத்து முப்பத்திரெண்டுனு சொன்னது தப்புதானே? இப்பதான் அது முழுசா தப்பாகுது."

ராணியம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். பாத்திரம் ஒன்று கீழே போடப்படும் சத்தம் கேட்டது.

தகட்டைக் கழற்ற வளவன் சம்மதிக்கவில்லை. மறுக்கவுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டான். கழற்றுவதற்கான ஸ்குரூடிரைவர் அலுவலகத்தில் இருந்ததால் குழு திரும்பிப் போயிற்று.

ஆவணியில் தெருவிழிக்கு விருது அறிவித்தார்கள். மாநிலத்திலேயே மிக வேகமாக இடத்தைச் சென்றடையும் அவசர வண்டி. நோயாளியைச் சென்றடைவது பற்றி விருதில் எதுவும் இல்லை. அதற்குத் தனி விருது வேறு துறையில் இருந்தது. விழாவுக்குப் பயனாளி ஒருவரை மேடையேற்ற வேண்டும். பதிவுகளில் மிகக் குறைந்த நேரம் பதினோரு நிமிடம். சுரேஷ்குமார் நேரில் வந்து வளவனை அழைத்தார்.

"நான் வந்தா அந்த வரிய எடுப்பீங்களா?"

"மேடையில டைரக்டரே அதப் பத்திப் பேசறாரு சார்" என்றார் சுரேஷ்குமார். அது வாக்குறுதிபோல் ஒலித்தது. வளவன் போனான்.

வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. தலைநகரிலிருந்து விருதைக் கொண்டுவந்த அதிகாரி தெருவிழியைப் பார்த்துக் காரோட்டச் சொல்லி ஏரிக்கரைக்குப் போய்விட்டு, டீக்கடையில் விசாரித்து, தாமதமாக வந்து சேர்ந்தார். முழங்கால்வரை சேறு. மண்டபம் தவறான இடத்தில் கட்டப்பட்டிருப்பதைக் குழு குறித்துக்கொண்டது. வளவனுக்குச் சால்வை போட்டார்கள். மடியில் ஒரு கேடயத்தை வைத்தார்கள். கேடயத்தில் மலையும், மலையைச் சுற்றி அம்புக்குறியும் இருந்தன.

சக்கரவர்த்தி மைக்கைப் பிடித்தார். மேடை என்பதால் தமிழ் நிமிர்ந்து நின்றது.

"பதினோரு நிமிடம். சித்திரைப் பௌர்ணமி, லட்சக்கணக்கான பக்தர்கள், பதினோரு நிமிடம். வண்டி தன் கடமையைச் செய்துவிட்டது. நோயாளி வந்தாரா? இல்லை. சந்திப்பு என்றால் இரண்டு பேரும் வரவேண்டும் அல்லவா? உடம்பு சரியில்லாத நேரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் பழக்கம் நம் மக்களிடம் இன்னும் வரவில்லை. விழிப்புணர்வு முகாம்கள் நடத்துவோம். ஒன்று மட்டும் பெருமையோடு சொல்வேன். அன்று இரவு எவ்வளவு நெருக்கடி வந்தபோதும், என் வண்டி ஒரு அடிகூட இறைவனுக்கு எதிராக நகரவில்லை."

கைதட்டினார்கள். அவர் கையை உயர்த்தி அமர்த்தினார்.

"அந்தச் சகோதரியை நான் குறைசொல்ல மாட்டேன். பெருந்தன்மையானவர். தப்பான முகவரி கொடுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று கடைசியாக நம் ஊழியரிடமே சொல்லிவிட்டுத்தான் கண் மூடினார். அவர் கணவருக்கும் இது ஆறுதலாக இருக்கும். அன்று போனை எடுத்த இனியா இங்கேதான் இருக்கிறார். அவர் வாயாலேயே கேட்போம்."

இனியா மேடையேறினாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து வருடம் ஆகவில்லை. டைப் அடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். மைக் முன்னால் நின்று அதைப் பார்த்தாள். "வணக்கம்" என்று படித்தாள். அதற்கு மேல் படிக்கவில்லை.

வளவன் கேடயத்தைக் கீழே வைத்தான். மேடையில் அவனுக்குப் பேச ஏற்பாடில்லை. மைக்கும் அவனுக்கு எட்டாது. சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அவ அப்படிச் சொன்னாளாம்மா?"

இனியா திரும்பி அவனைப் பார்த்தாள். மைக் அவள் வாயருகில் இருந்தது.

"சொல்லலண்ணா."

சக்கரவர்த்தி மைக்செட்காரனைப் பார்த்து விரலை அசைத்தார். மைக்செட்காரன் அதைச் சத்தத்தைக் கூட்டச் சொல்வதாக எடுத்துக்கொண்டான்.

"மொத தடவையே வீட்டு நம்பரு, பக்கத்துச் சாப்பாட்டுக் கடை பேரு, எல்லாம் கரெக்டா சொன்னாங்க. என்னத் திருப்பிச் சொல்ல வெச்சுக் கேட்டாங்க. வண்டி தாண்டிப் போயிடுச்சேனு ரெண்டாவது தடவை போன் பண்ணாங்க. நான் சகாதேவன் அண்ணனுக்குப் போட்டேன். திரும்பி வந்தா எதிர்சுத்து ஆயிடும், ஆர்டர் இருக்குது, மலையச் சுத்திக்கிட்டுதான் வருவேன்னாரு. அத நான் அக்காகிட்ட சொன்னேண்ணா. நான்தான் சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டுச்சு. நான் லைன்லயே இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மெதுவாச் சொன்னாங்க. 'வண்டியத் திருப்பிக்கிட்டு வரச் சொல்லும்மா. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.'"